நிலுவையில் இருக்கும் மன்றாட்டு

தனக்குக் குழந்தை இல்லை என்று நிரூபிப்பது இவ்வளவு பெரிய வேலை என்பது லியனார்டுக்கு நாற்பத்து மூன்று வயது வரைக்கும் தெரியாது. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவன் அவன். காலையில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி, மதியம் பதினான்கையும் எண்ணி இறக்கிவிட்டு வீடு திரும்பினால், அந்த வீட்டில் பிள்ளை இல்லை என்பது அவனுக்கும் தெரியும், மனைவி பெர்னிஸுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக் குமுதா அக்காவுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் பந்தியில் எதிரே உட்காருகிற முன்பின் அறியாதவர்களுக்கே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்த ஒரே இடம் துனாஸ் ஜெயா லைஃப் என்னும் காப்புறுதி நிறுவனம்தான்.

அந்த நிறுவனத்தின் 'லிட்டில் ஸ்டெப்ஸ்' பாலிசியை நான்கு வருடங்களுக்கு முன்னால் எடுத்தார்கள். விளம்பரத் தாளில் ஒரு குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. பெர்னிஸ் அதன் கன்னத்தை விரலால் தொட்டாள். ஏஜெண்டு அதைப் பார்த்துவிட்டான். பிறகு அவன் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நிபந்தனைகள் மூன்றே மூன்று என்றான். கருத்தரிப்புச் சிகிச்சையின் முதல் சுற்றை வாடிக்கையாளர் சொந்தச் செலவில் செய்து தோற்றிருக்க வேண்டும். அக்கறை உள்ளவர்கள்தானா என்று நிறுவனம் பார்க்கிறது. இரண்டாம் சுற்றின் செலவு முழுவதும் நிறுவனத்துடையது. அந்தச் சுற்று மனைவியின் நாற்பதாவது பிறந்த நாளுக்குள் தொடங்கிவிட வேண்டும். மாதச் சந்தா முந்நூற்று இருபது மலேசிய வெள்ளி. வேனுக்குப் பெட்ரோல் தள்ளிப்போன மாதம் உண்டு, பாலிசிக்குப் பணம் தள்ளிப்போன மாதம் கிடையாது.

முதல் சுற்றைச் சேமநிதியில் எடுக்க அனுமதித்த பணத்தை வழித்தெடுத்துச் செய்தார்கள். நிபந்தனைப்படியே தோற்றார்கள். சுபாங் ஜெயாவில் இருக்கும் டாக்டர் பெர்னிஸின் அறிக்கையைப் புரட்டிவிட்டு, இன்னும் ஒரு முறை முயற்சி செய்யலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். உடம்பு தேற மூன்று மாதம் விட்டு, செப்டம்பர் மாதவிடாயின் இரண்டாம் நாள் ஊசியை ஆரம்பிக்க வேண்டும். செலவு இருபத்திரண்டாயிரம் வெள்ளி. நிறுவனம் ஓர் உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிட்டால் போதும். பெர்னிஸுக்குச் செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி நாற்பது வயது. அப்போது ஜூன் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. தாராளமாக நேரம் இருக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த நிறுவனத்தின் கட்டடத்தைப் பார்த்தாலே பாலிசிதாரருக்கு ஒரு நிம்மதி வரும். தான் கட்டிய பணம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். கீழ்த்தளத்து முகப்பில் ஷிரீன் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பாரத்தை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"குழந்தையோட மைகிட் அடையாள அட்டை நம்பர் போடலையே அண்ணே."

"குழந்தை இல்லம்மா. அதுக்குத்தான் கிளைம்."

"அது தெரியுது லா. ஆனா இது குழந்தைக்கான பாலிசி. நம்பர் போடாட்டி சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது."

"நான் என்ன செய்யட்டும்?"

"பன்னெண்டு சைபர் போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

எல்லாரும் போடுகிறார்கள் என்றதும் லியனார்டுக்குத் தைரியம் வந்தது. வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவன்தான் சட்டம். பன்னிரண்டு சைபர்களையும் எண்ணிப் போட்டுவிட்டு வந்தான்.

பத்து நாளில் ஒரு தடித்த உறை வந்தது. உத்தரவாதக் கடிதம்தான் என்று பெர்னிஸ் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். 'தங்கள் குடும்பத்தில் புதிய வரவு எமது பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. மனமார்ந்த வாழ்த்துகள். இதனால் கருத்தரிப்புச் சிகிச்சைக்கான தேவை நீங்கிவிட்டதைக் கருத்தில் கொண்டு தங்கள் விண்ணப்பம் மகிழ்ச்சியுடன் மூடப்படுகிறது.' கூடவே அன்பளிப்பாக, கழுத்தில் கட்டுகிற மஞ்சள் நிறத் துணி ஒன்று. குழந்தை சாப்பிடும்போது சிந்தாமல் இருக்க. பெர்னிஸ் அதைத் தூக்கி எறிவாள் என்று லியனார்டு எதிர்பார்த்தான். அவள் மடித்து அலமாரியில் வைத்தாள். அதைப் பார்த்தபோது அவனுக்கு வந்த ஆத்திரத்தை எந்தப் பாரத்தில் நிரப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் இருவரும் போனார்கள். ஷிரீன் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். கெட்ட பெண் இல்லை. அவளுக்கும் மேலே இருபத்துமூன்று மாடிகள் இருந்தன, அவ்வளவுதான்.

"பதிவான குழந்தையை எடுக்கணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும்க்கா," என்றாள் பெர்னிஸைப் பார்க்காமல்.

"பொறக்கவே இல்லையேம்மா," என்றாள் பெர்னிஸ்.

"அப்படின்னா சத்தியப் பிரமாணம் கொண்டு வாங்க. அதுவும் செல்லும்."

பிரிக்ஃபீல்ட்ஸிலேயே சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் மாடியறையில் இருந்தார். வீடு விற்றவர்களும் அடையாள அட்டை தொலைத்தவர்களும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இவர்களும் உட்கார்ந்தார்கள். ஆணையர் இவர்கள் முறை வந்ததும் எழுதி வைத்ததை உரக்க வாசித்தார். 'பன்னிரண்டு பூச்சியங்கள் கொண்ட எண்ணை உடைய குழந்தை எங்களுக்குப் பிறக்கவில்லை என்றும், அக்குழந்தையின் மீது எங்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை என்றும் உறுதி கூறுகிறோம்.' பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெர்னிஸ் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருடமாக வேண்டிக்கொண்டிருந்த ஒன்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. முத்திரைக்குப் பத்து வெள்ளி. ஜூலை போயிற்று.

ஆகஸ்டில் இருபத்துமூன்றாம் மாடியிலிருந்தே அழைப்பு வந்தது. கிளைம் பரிசீலனைப் பிரிவின் தலைவர் கார்த்திகேசு நேரில் பார்க்க விரும்புகிறாராம். பெரிய இடத்தில் நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார் என்று லியனார்டு சந்தோஷப்பட்டான். நம்ம ஆள் என்றால் நம்மை நம்ம மொழியிலேயே கைவிடுவார் என்பதை அவன் யோசிக்கவில்லை.

கார்த்திகேசு எழுந்து நின்று கை கொடுத்தார். மேசையில் ஒரு ஃபைல் தலையணைத் தடிமனில் இருந்தது.

"உங்களை விசாரிச்சிருக்கோம், மிஸ்டர் லியனார்ட். தப்பா எடுத்துக்காதீங்க. அக்கறை இருக்கற இடத்துலதான் விசாரணை இருக்கும்." ஒரு புகைப்படத்தை நகர்த்தினார். "பதினாலு குழந்தைங்களோட உங்களைப் பார்த்திருக்காங்க."

"நான் ஸ்கூல் வேன் ஓட்டறேன் சார்."

"ஏத்துக்கிட்டோம். ரெண்டு வாரம் பின்னாடியே வந்து பார்த்தோம். தினமும் கூட்டிட்டுப் போறீங்க, தினமும் திருப்பிக் கொடுத்துடறீங்க. அதுல உங்க மேல எந்தக் குறையும் இல்ல."

லியனார்டு தன்னையறியாமல் நன்றி சொன்னான்.

"ஆனா இது?" என்று கார்த்திகேசு அடுத்த தாளை எடுத்தார்.

கிள்ளான் மாதா கோயில் வாராவாரம் அச்சடிக்கும் பங்கு மடல். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. ஓரம் மஞ்சளித்திருந்தது. மன்றாட்டுகள் என்ற தலைப்பின் கீழே, ஒருவருடைய மூட்டு வலிக்கும் இன்னொருவருடைய மகனின் வேலைக்கும் நடுவில், 'புதுமணத் தம்பதியர் லியனார்ட் – பெர்னிஸ், குழந்தை வரம் வேண்டி – பாக்கியம்' என்று இருந்தது. பாக்கியம் அவனுடைய அம்மா. இறந்து ஆறு வருடமாகிறது.

"பாலிசி எடுத்தது நாலு வருஷம் முன்னாடி. மன்றாட்டு ஒன்பது வருஷம் முன்னாடி," என்றார் கார்த்திகேசு. "ஆக, முன்பே இருந்த நோய். அதுக்கு எங்க பாலிசி பொறுப்பேற்காது."

"சார், அது கல்யாணம் ஆகி மூணாவது மாசம் கோயில் பெட்டியில அம்மா போட்ட சீட்டு. எங்க கோயில்ல கல்யாணம் கட்டின எல்லாருக்கும் அம்மாமாருங்க போடுவாங்க. மொய் எழுதற மாதிரி அது ஒரு பழக்கம் சார். நோயே கிடையாது அப்ப."

"உங்க அம்மாவுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

லியனார்டு அம்மாவின் பெயரை இன்னொரு முறை படித்தான். கார்த்திகேசு அடுத்ததை எடுத்தார். ஐந்து வருடத்துக்கு முந்தைய தைப்பூசத்தில் பத்துமலைப் படிக்கட்டில் மஞ்சள் சேலையில் குமுதா அக்கா, தலையில் பால்குடம். கீழே ஃபேஸ்புக்கில் அவளே எழுதியிருந்தாள்: 'பக்கத்து வீட்டுப் பெர்னிஸுக்காக. முருகா கண்ணைத் திற.' அதற்கு நூற்று எழுபத்திரண்டு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதற்கடுத்தது யூனுஸ் பாயின் உணவகத்து ஃபேஸ்புக் பக்கம். லியனார்டு தினமும் வேனை நிறுத்தித் தே தாரிக் குடிக்கிற கடை. 'நம்ம வேன் லியனார்டுக்குப் பிள்ளை கிடைக்க இந்த வெள்ளிக்கிழமை சுராவில் தொழுகைக்குப் பிறகு துஆ. எல்லாரும் வாங்க. பிரியாணி உண்டு.' அதுவும் பாலிசிக்கு ஆறு மாதம் முன்னால்.

கார்த்திகேசு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், மிஸ்டர் லியனார்ட். நம்பிக்கை இல்லாதவனா இருந்தா இதையெல்லாம் சும்மா விட்டிருப்பேன். பிரார்த்தனைங்கறது சின்ன விஷயம் இல்ல. குறை இருக்குன்னு தெரிஞ்சவன்தான் கேட்பான். உங்க குறை மூணு மதத்துக்கும் தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு மட்டும் தெரியல. எல்லாக் கதவையும் தட்டிட்டுக் கடைசியா எங்ககிட்ட வந்திருக்கீங்க. மனசுக்கு வருத்தமா இருக்கு."

"சார், மாசம் தவறாம கட்டியிருக்கேன்."

"கட்டினதை நாங்க மறுக்கல. பாருங்க, எங்க தொழிலே அடுத்தவங்க ஆபத்தைத் தலைமேல ஏத்துக்கறது. அதனாலதான் ஆபத்து இருக்கறவங்களைச் சேர்த்துக்க முடியறதில்ல. சேர்த்துக்கிட்டா ஆபத்து இல்லாதவங்களுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

லியனார்டு அதை இரண்டு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டு முறையும் அது சரியாக இருப்பதுபோலவே தோன்றியது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"வழி இல்லாம இல்ல," என்று கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி அணுகின இடங்கள்லேர்ந்து ஃபைலை மூடின கடிதம் வேணும். மூணு இடம், மூணு கடிதம். பிரார்த்தனை வாபஸ் ஆயிடுச்சுன்னு எழுதி, கையெழுத்து, முத்திரை."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமிகள் இன்னும் வாயே திறக்கவில்லை. கொடுத்துவிடப் போகிறார்களோ என்று பூசாரிக்கு அதற்குள் கவலை.

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். பெர்னிஸ் சிரிப்பாள், அல்லது பாலிசி ஃபைலைத் தூக்கி அடிப்பாள் என்று நினைத்தான். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"எத்தனை நாள்ல வாங்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

லியனார்டு விரல் விட்டு எண்ணினான். நிறுவனம் கேட்பதில் இருந்த பைத்தியக்காரத்தனம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளிடம் நாள் இல்லை.

குமுதா அக்கா கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊத்தின பாலை எப்படித் தம்பி வாபஸ் வாங்கறது? சாமி என்ன பாசார் மாலாம்ல ராத்திரிக் கடை போட்டிருக்கா?" ஆனாலும் பேனாவை எடுத்தாள். 'மேற்படி வேண்டுதலை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்' என்று எழுதி, தான் செயலாளராக இருக்கும் மகளிர் சங்கத்தின் முத்திரையைக் குத்தினாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வேலியோரம் வந்து பெர்னிஸிடம் சொன்னாள்: "முருகன்கிட்ட தனியா சொல்லிட்டேன்மா. இது ஆபீஸ் விஷயம், நீ கண்டுக்காதேன்னு."

யூனுஸ் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து லியனார்டின் எதிரே உட்கார்ந்தார். "துஆ போனது போனதுதான் பாஸ். அதைத் திருப்பி வாங்க என் கையில அதிகாரம் இல்ல. என் பங்கை மட்டும் எழுதித் தரேன். கடை லெட்டர்தான் இருக்கு, மேல ரொட்டி சானாய் படம் இருக்கும். பரவாயில்லையா?" எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத் தே தாரிக்குக் காசு வாங்கவில்லை.

கஷ்டம் எல்லாம் மாதா கோயில் ஃபாதர் திமோத்தியிடம்தான். நல்ல மனிதர், அதனால் பொய் எழுத மாட்டார்.

"நான் வாபஸ் வாங்கலையே லியனார்ட். இன்னிக்குக் காலைப் பூசையில்கூட உங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்கிட்டேன்."

"ஐயோ ஃபாதர், அதை எழுதிடாதீங்க."

ஃபாதர் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, மறுபடி கழற்றினார். பிறகு பங்கின் கடிதத் தாளில் ஒரே ஒரு வரி எழுதி முத்திரை வைத்து, லியனார்டின் தலையில் கை வைத்து அனுப்பினார். பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டுத்தான் படித்தான். 'மேற்கண்ட மன்றாட்டுக்கு இன்றைய தேதி வரையில் பதில் கிடைக்கவில்லை என்று சான்றளிக்கிறேன்.' ஒன்பது வருடத்தையும் இவ்வளவு சுருக்கமாக யாரும் அவனிடம் சொன்னதில்லை. பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

மூன்று கடிதங்களையும் பார்க்கச் செப்டம்பர் இரண்டாம் தேதி மேல்முறையீட்டுக் குழு கூடியது. ஐந்து பேர். நடுவில் கார்த்திகேசு. தன் முடிவின் மேல் வந்த முறையீட்டைத் தானே விசாரிப்பதுதான் நியாயம், மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது என்று விளக்கினார். மற்ற நால்வரும் தெரியாது என்று தலையசைத்தார்கள். மேசையில் ஒரு தட்டு நிறைய கரிபாப் பலகாரம் இருந்தது.

குமுதாவின் கடிதத்தை ஏற்றார்கள். யூனுஸ் பாயின் கடிதத்தையும், ரொட்டி சானாய் படத்தைப் பற்றிச் சிறிது பேசிவிட்டு, ஏற்றார்கள். ஃபாதரின் கடிதம் கை மாறிக் கை மாறிக் கடைசியில் கார்த்திகேசுவிடமே வந்து சேர்ந்தது.

"இன்றைய தேதி வரையில் பதில் கிடைக்கவில்லை," என்று நிறுத்தி வாசித்தார். "அப்ப நிராகரிக்கலை. நிலுவையில இருக்கு."

"சார்?"

"ஒரே விஷயத்துக்கு ரெண்டு இடத்துல கிளைம் போடக் கூடாது. பாலிசியில பதினாலாவது பிரிவு. அங்க நிலுவையில இருக்கற வரைக்கும் நாங்க தொட முடியாது."

"அங்க பதில் வந்துட்டா?"

"வந்துட்டா குழந்தை பொறந்துடும். எங்க உதவி உங்களுக்கு எதுக்கு?"

"வரலைன்னா சார்?"

"நிலுவை."

கரிபாப் தட்டு ஒரு சுற்றுப் போய் வந்தது. லியனார்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "சார், அவளுக்குப் பத்தொன்பதாம் தேதி நாற்பது வயசு. அதுக்கு முன்னாடி ஊசி போடலைன்னா உங்க பாலிசியே செல்லாது. உங்க கால்ல வேணா விழறேன். ஒரு கடிதம் சார். ஒரே ஒரு கடிதம்."

கார்த்திகேசுவின் முகம் கனிந்தது. "அவங்களுக்கு என்னோட முன்கூட்டிய வாழ்த்தைச் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்குங்க, மிஸ்டர் லியனார்ட். நாங்க உங்களை நிராகரிக்கலை. இந்தத் திட்டத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு விண்ணப்பத்தைக்கூட நாங்க நிராகரிச்சதில்ல. அது எங்க பெருமை."

"யாருக்காவது கொடுத்திருக்கீங்களா சார்?"

"அது வேற ரிப்போர்ட்," என்றார் கார்த்திகேசு.

எட்டாம் தேதி பெர்னிஸுக்கு மாதவிடாய் வந்தது. ஒன்பதாம் தேதி இரண்டாம் நாள். அன்று காலை மருத்துவமனையிலிருந்து உத்தரவாதக் கடிதம் வந்ததா என்று கேட்டார்கள். பெர்னிஸ் இல்லை என்றாள். மத்தியானம் மறுபடி கேட்டார்கள். மூன்றாம் நாள் யாரும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு அவளுடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'துனாஸ் ஜெயா குடும்பத்தின் இனிய நாற்பதாம் பிறந்த நாள் வாழ்த்துகள். தங்கள் பாலிசியின் கருத்தரிப்புப் பலன் இன்றுடன் இனிதே நிறைவடைந்தது. மாதச் சந்தாவில் மாற்றமில்லை.' மெழுகுவத்திப் படம் ஒன்றும் அசைந்து அசைந்து எரிந்தது. பெர்னிஸ் அது அணையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைகிற மாதிரி செய்யப்பட்டிருக்கவில்லை.

சிகிச்சைச் செலவுக்காக லியனார்டு வேனை விற்றான். வாங்கியவர் காப்பாரில் ஏழு வேன் வைத்திருப்பவர். மறுநாளிலிருந்து அதே வேனை, அதே பதினான்கு பிள்ளைகளோடு, சம்பளத்துக்கு ஓட்டினான். டாக்டர் மறுபடி அறிக்கையைப் பார்த்தார். ஒரு மாதத்தில் கருமுட்டைகளின் எண்கள் இன்னும் இறங்கியிருந்தன. இது கடைசி என்று அவர் சொல்லவில்லை. பெர்னிஸே சொன்னாள். அக்டோபர் ஊசி செவ்வாய்க்கிழமை என்று கணக்காயிற்று.

அதற்கு முந்தைய ஞாயிறு பூசைக்குக் குமுதா அக்காவும் கூட வந்தாள். வாபஸ் கடிதம் எழுதியதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை. வாசலில் மன்றாட்டுப் பெட்டி இருந்தது. பக்கத்தில் சீட்டும் நூல் கட்டிய பேனாவும். பெர்னிஸ் ஒரு சீட்டை எடுத்தாள். பேனாவை எடுத்தாள். லியனார்டு அவள் கையைப் பிடித்தான்.

"எழுதாத," என்றான் மெதுவாக. "எழுதினா ஆதாரம்."

பாலிசிதான் செத்துப்போயிற்றே, இனி யாருக்கு ஆதாரம் என்று அவன் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. நாலு மாதத்தில் அவர்களை அவ்வளவு பழக்கியிருந்தார்கள். பெர்னிஸ் பேனாவை வைத்துவிட்டு, வெறுஞ்சீட்டை நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

மன்றாட்டு நேரத்தில் ஃபாதர் திமோத்தி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். சர்க்கரை நோய்க்காக. வீட்டு வாடகைக்காக. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மகளுக்காக. ஒவ்வொன்றுக்கும் சபை, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றது. அடுத்த சீட்டைப் பிரித்தவர் நின்றார். திருப்பிப் பார்த்தார். பின்புறமும் ஒன்றும் இல்லை. சபையில் யாரையும் அவர் பார்க்கவில்லை.

"இந்தச் சீட்டுக்காகவும் மன்றாடுவோம்," என்றார்.

எல்லாரும் சொன்னார்கள். சொல்லிப் பழக்கமில்லாத குமுதா அக்கா எல்லாரும் முடித்த பிறகு தனியாக, உரக்கச் சொன்னாள். பிறகு கலவரப்பட்டுப் பெர்னிஸின் காதருகே குனிந்தாள்.

"இது கணக்குல வராதுல்ல?"

"வராதுக்கா," என்றாள் பெர்னிஸ், வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு. "நான் ஒண்ணுமே கேக்கல."